ஏரியும் அறமும்

திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து அமைந்திருப்பது வான் சிறப்பு. அவ்வதிகாரத்தை ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள் விளக்கிக்கொண்டிருந்தேன். வெளியே ஜெலுத்தோங்கின் நண்பகல் மழை கூரைமீது அறைந்துகொண்டிருந்தது. மழை இன்றேல் உழவு இல்லை, ஈகை இல்லை, தவம் இல்லை, இறுதியில் ஒழுக்கமும் இல்லை என்னும் வள்ளுவர் கருத்தை வரிசையாகச் சொல்லி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, மழை பெய்யாமல் ஓர் ஊர் அழிந்துபோனால் அது யாருடைய குற்றம்?” என்று கேட்டான்.

“இயற்கையின் குற்றம்” என்றேன். “இயற்கை குற்றம் செய்யுமா, ஐயா?” என்றான் அவன். அதற்குள் மணி அடித்தது. நான் நூலை மூடிவிட்டேன். மணி அடித்தமைக்காக அன்று உள்ளூர மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆசிரியன் மாணவனுக்குப் படும் கடன்களில் விடை கூறாத வினாவும் ஒன்று. அக்கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

வினாவைச் சற்று விரித்துப் பார்ப்போம். பருவநிலை மாறும்போது ஊர்கள் தோன்றுகின்றன, இடம் பெயர்கின்றன, அழிகின்றன. இடைக்கால வரலாறு இதற்குச் சான்றுகள் பல தருகின்றது. அவ்வாறாயின், மனிதனுடைய ஊர் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்பதை வானமே முடிவு செய்கின்றதா? முடிவு செய்வது வானம் என்றால் மனிதனைப் புகழவும் இடமில்லை, பழிக்கவும் இடமில்லை. வானம் அன்று என்றால் பழியின் பங்கு எவ்வளவு, அது யாரைச் சேரும்? இதனை ஆராயத் தமிழ் நிலத்தைவிடத் தகுந்த களம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

நிலம் வகுத்த ஊர்கள்

தமிழ்நாட்டில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி, ஐப்பசியை ஒட்டிய வடகிழக்குப் பருவக்காற்றினால் மூன்றே மாதங்களில் பெய்துவிடுகின்றது. அதுவும் சில பெரும் புயல்களையும் சில பெருமழை நாள்களையும் நம்பியது. காவிரிக்கு நீர் தருவதோ பெரும்பாலும் குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. ஆகவே வெள்ளமும் வறட்சியும் ஒரே ஆண்டில் ஒரே ஊரைத் தாக்குவது அந்நிலத்தின் இயல்பு. பினாங்கில் வாழும் நாம், மழை இல்லாத ஒரு மாதத்தையே புதுமையாகக் காண்பவர்கள். எட்டு மாதம் வானத்தை நோக்கிக் காத்திருப்பதன் பொருளை நாம் முயன்றுதான் உணர வேண்டும்.

இந்த மழை இடைக்காலத் தமிழகத்தில் மூவகை ஊர்களை வகுத்தது. முதலாவது, ஆற்றுப் பாசன ஊர்கள். காவிரி, தாமிரபரணிக் கரைகளில் இவை நெருங்கி அமைந்தன. சோழ நாட்டின் நாட்டுப் பிரிவுகளை ஊர் ஊராக வரைபடத்தில் குறித்து ஆராய்ந்த பேராசிரியர் எ. சுப்பராயலு, பல நாடுகள் ஆற்றின் இரு கரைகளிலும் பரவியிருந்ததை 1973-இல் வெளிவந்த தம் நூலில் காட்டினார். ஆறு அவர்களைப் பிரிக்கவில்லை. ஒரே நீரை உண்டவர்கள் ஒரே நாட்டினராயினர். இரண்டாவது, ஏரிப் பாசன ஊர்கள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத தொண்டை மண்டலத்தில் இவை மிகுதி. ஏரியின் கரை, அதன் கீழே வயல், மேட்டில் வீடுகள் என்பதே இவ்வூர்களின் பொது அமைப்பு. மூன்றாவது, புன்செய் ஊர்கள். கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்த நிலங்களில் இவை விலகி விலகி அமைந்தன. விசயநகரக் காலத்திலும் அதனை ஒட்டியும், வடக்கேயிருந்து வந்த குடிகள் திருநெல்வேலிச் சீமையின் கரிசல் நிலத்தில் குடியேறியபோது இவ்வகை ஊர்கள் பெருகின. நெல்லை அறிந்தவன் ஒதுக்கிய நிலத்தில் பருத்தியை அறிந்தவன் ஊர் கண்டான்.

ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று. குளம், ஏரி, ஏந்தல், ஊருணி, துறை, அணை என முடியும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’ நூலைக் கற்ற ஆசிரியர்கள் இதனை நன்கறிவர். தன் ஊருக்குப் பெயரிடும்போது தமிழன் அரசனை நினைத்தான், இறைவனை நினைத்தான், நீரையும் மறவாமல் நினைத்தான்.

இதுவரை கூறியதைக் கொண்டு பார்த்தால், வானமே ஊரை வகுத்தது என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டாம் வகை ஊரைச் சற்று உற்று நோக்குங்கள். ஏரி இயற்கையன்று. அது மனிதன் மண்ணால் எழுதிய விடை.

ஆண்டுதோறும் எழுத வேண்டிய விடை

புறநானூற்றில் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய குடபுலவியனார், அவனுக்குப் போர்முறை சொல்லவில்லை. மறுமைச் செல்வமும் வெற்றியும் புகழும் வேண்டுமாயின், நிலம் பள்ளமாய் இருக்கும் இடமெல்லாம் நீரைத் தேக்குக என்று அறிவுறுத்துகின்றார். மழையை வரவழைக்க அரசனால் இயலாது. வந்த மழையை நிறுத்திவைக்க இயலும். எது நம் கையில் இல்லை, எது நம் கையில் உள்ளது என்று பிரித்துக் காட்டியதே அப்பாட்டின் மெய்யியல் எனலாம்.

பிற்காலத்தார் அவ்வறிவுரையைச் செயலாக்கினர். முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் மகேந்திரவாடியில் தன் பெயரால் ஏரி கண்டான். உத்தரமேரூரில் வைரமேகத் தடாகம் அமைந்தது. முதலாம் பராந்தக சோழனின் பட்டப்பெயரான வீரநாராயணன் என்பதைத் தாங்கிய ஏரி, வீராணம் என்னும் பெயரில் இன்றும் நீர் தருகின்றது. 2004 முதல் சென்னை நகருக்கும் அதன் நீர் குழாய் வழியே செல்கின்றது. இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள், கண்மாய்கள் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுள் பல தனித்தனியே நிற்பவை அல்ல. மேல் ஏரி நிரம்பினால் கலிங்கின் வழியே மிகைநீர் கீழ் ஏரிக்குச் செல்லும். அது நிரம்பினால் அடுத்ததற்கு. மேலூரான் தன் கலிங்கை ஒரு முழம் உயர்த்திக் கட்டினால் கீழூரானின் வயல் காயும். ஆகவே இவ்வமைப்பு பொறியியலாக இருந்ததோடு அயலாரைப் பற்றிய ஓர் உடன்படிக்கையாகவும் இருந்தது.

ஏரியை வெட்டுவது ஒரு முறை; காப்பது ஆண்டுதோறும். ஓடி வரும் நீர் வண்டலைக் கொண்டுவரும். வண்டலை அகற்றாவிட்டால் ஏரி மெல்ல மெல்ல வயலின் மட்டத்துக்கு உயரும். கரையில் நண்டு துளைத்த சிறு வளையும் ஒரு பெருமழையில் உடைப்பாகும். இதனை அறிந்த நம் முன்னோர் ஏரியின் பராமரிப்புக்கென ‘ஏரிப்பட்டி’ என்று நிலம் ஒதுக்கினர். தூர் வாரும் செலவுக்குப் பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியைக்கொண்டு பணி நடக்கச் செய்தனர். ஓடங்களில் வண்டலை ஏற்றிக் கரையில் கொட்டிய செய்தியையும் கல்வெட்டுகள் தருகின்றன.

உத்தரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த பராந்தகன் காலக் கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காக நாம் வகுப்பில் பெருமையுடன் கற்பிக்கின்றோம். அம்முறையால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பதையும், அதன் உறுப்பினர் அறுவர் என்பதையும், அவர்களின் காலம் 360 நாள் என்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் குடவோலைக்கு உரியர் அல்லர். கணக்குக் காட்டாமை தண்ணீரைத் திருடுவதற்கு ஒப்பானது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

வானம் மாறியதற்கான சான்று

அக்காலத்தில் வானம் உண்மையிலேயே மாறியதா என்று கேட்கலாம். குகைகளில் நீர் சொட்டிச் சொட்டி வளரும் சுண்ணாம்புப் பாறைகள், மரங்களின் வளர்ச்சி வளையங்களைப் போல, ஆண்டுகளைத் தம்முள் அடுக்கி வைத்திருக்கின்றன. அவ்வடுக்குகளில் உள்ள ஆக்சிஜனின் கனமான, இலேசான வகைகளை ஒப்பிட்டுப் பழைய மழையின் மிகுதியையும் குறைவையும் அறிவியலார் கணிக்கின்றனர். சத்தீசுகரில் உள்ள தண்டக் குகையின் பாறை, கி.பி. 600 முதல் 1500 வரையிலான மழை வரலாற்றைத் தருகின்றது. அதில் பதினான்காம் நூற்றாண்டில் பருவமழை பலமுறை நலிந்தமை தெரிகின்றது. அந்நூற்றாண்டின் இறுதியில்தான் தக்காணத்தைத் துர்காதேவிப் பஞ்சம் வாட்டியது. ஆனால் இந்தச் சான்று நடு இந்தியாவின் தென்மேற்குப் பருவமழைக்கு உரியது. தமிழகத்தின் ஐப்பசி மழைக்கு இதனை அப்படியே பொருத்திவிடுவது ஆராய்ச்சி ஆகாது.

மேலும், ஊர் அழிந்தது என்றவுடன் வானத்தைக் குறை கூறுவதும் பிழையாகலாம். கங்கைகொண்ட சோழபுரத்தை எடுத்துக்கொள்வோம். முதலாம் இராசேந்திரன் தன் வெற்றியின் நினைவாகச் சோழகங்கம் என்னும் பேரேரியை அங்கே வெட்டுவித்தான். 1279 அளவில் சோழர் ஆட்சி முடிந்தது, தலைநகர் சிற்றூராயிற்று, ஏரி தூர்ந்தது. 1836-இல் கீழணை கட்டியபோது அக்கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துச் சென்றனர். அந்நகரைக் காலி செய்தது மழையன்று. பாண்டியர் எழுச்சியும் அரசின் வீழ்ச்சியுமே.

பிற நாடுகள் கூறும் பாடம்

இங்கிலாந்தில் இடைக்காலத்தில் கைவிடப்பட்ட சிற்றூர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. 1315 முதல் 1317 வரை ஓயாத மழையால் வடமேற்கு ஐரோப்பாவில் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது; பருவநிலை குளிரத் தொடங்கிய காலம் அது. ஆகவே அவ்வூர்களைக் குளிரே அழித்தது என்று எண்ணுதல் எளிது. ஆனால் 1954-இல் அவ்வூர்களைப் பற்றி நூலெழுதிய மாரிஸ் பெரஸ்ஃபோர்டு வேறொரு காரணத்தை முன்வைத்தார். கம்பளிக்கு விலை ஏறியபோது, நிலவுடைமையாளர் பலர் உழவரை வெளியேற்றி வயல்களை ஆட்டு மேய்ச்சல் நிலமாக்கினர். 1348-இல் வந்த கொள்ளைநோய் ஏற்கெனவே மக்களைக் குறைத்திருந்தது. குளிரும் நோயும் ஊரை நலியச் செய்தன. பல ஊர்களில் இறுதிக் கதவை அடைத்தது மனிதனின் இலாப எண்ணம்.

இலங்கையின் வறண்ட வலயத்தில் அனுராதபுரமும் பொலன்னறுவையும் ஏரிகளால் வாழ்ந்தன. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) அமைத்த பராக்கிரம சமுத்திரம் இன்றும் அலைவீசுகின்றது. 1215-இல் மாகனின் படையெடுப்பு நிகழ்ந்தது. அதன்பின் சிங்கள அரசின் தலைநகரங்கள் தம்பதெனியா, யாப்பகூவா, குருநாகல் என மழை மிகுந்த தென்மேற்கை நோக்கி நகர்ந்தன. வடக்கே யாழ்ப்பாண அரசு எழுந்தது. வற்றாத ஆறில்லாத அந்நிலம் கிணற்றை நம்பி வாழக் கற்றது. போர், மலேரியா, மழையின் மாற்றம், ஏரிகளைக் காத்த அதிகாரிகளின் மறைவு எனக் காரணங்களை ஆய்வாளர் பலவாறு கூறுவர். ஒன்று மட்டும் தெளிவு: ஏரியை அறிந்து காத்தவர்கள் இல்லாமற் போனபின், முன்பு தாங்கிய வறட்சியை அவ்வூர்களால் தாங்க முடியவில்லை.

கம்போடியாவின் அங்கோர் நகரமும் அத்தகையதே. வியட்நாம் மலைக்காடுகளின் பழமரங்களில் உள்ள வளர்ச்சி வளையங்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட அறிஞர்கள், பதினான்காம் நூற்றாண்டின் நடுவிலும் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நீண்ட வறட்சிகள் இருந்தன என்றும், இடையே கடும் மழைகள் பெய்தன என்றும் கண்டனர். வறட்சிக்கு ஏற்பச் சுருங்கிய வாய்க்கால்களை வெள்ளம் உடைத்தது. அங்கோரில் பொறியியல் குறைவாக இருந்ததன்று. அது மிகப் பெரிதாக வளர்ந்து, ஓரிடம் உடைந்தால் பல இடங்கள் பழுதாகும் நிலையை அடைந்திருந்தது.

நம் அண்டையிலும் ஒரு சான்று உண்டு. வானம் தெளிந்த நாளில் பினாங்குக் கடற்கரையிலிருந்து வடக்கே நோக்கினால் ஜெராய் மலை தெரியும். அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு உள்ளது. 1025-இல் இராசேந்திரனின் கடற்படை தாக்கிய கடாரம் இதுவே என்பது பெரும்பான்மை ஆய்வாளர் கருத்து. அங்கே ஆறுகள் கொணர்ந்த வண்டலால் கரை கடலுக்குள் வளர்ந்தது; பழைய துறைகள் உள்நாடாயின. மூடா ஆற்றின் பக்கம் சுங்கை மாஸில் இருந்த வணிகக் குடியிருப்பு மங்க, பெங்காலான் பூஜாங் என்னும் இடம் தழைத்தது. இதனை வீழ்ச்சி என்று ஏன் சொல்ல வேண்டும்? கடல் விலகியது, வணிகர் கடலைத் தொடர்ந்தனர். பெயர்தலும் ஒரு விடையே. தாமே அறிந்து பெயர்தல் வேறு. வேறு வழியின்றித் துரத்தப்படுதல் வேறு. முன்னது அறிவு, பின்னது அவலம். அவ்விரண்டையும் ஒரே ‘இடம்பெயர்வு’ என்னும் சொல்லால் குறிப்பது நம் மொழிக்கும் மனச்சான்றுக்கும் நேர்ந்த குறை.

ஏரியின் மறுபக்கம்

இவ்விடத்தில் என் கருத்துக்கு எதிராகவே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். ஏரி வாரியத்தைப் புகழ்ந்தேன். உத்தரமேரூர் சபை அந்தணர் சபை. குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதி, கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடைமை. ஏரியில் இறங்கி வண்டல் சுமந்தவர்களுள் எத்தனை பேருக்குக் கால் வேலி நிலம் இருந்திருக்கும்?

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள், ஊர்களில் வரி நீங்கிய நிலங்களை வரிசையாகக் கூறுகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று அப்பட்டியல் நீள்கின்றது. சேரி தனியே, சில ஊர்களில் சுடுகாடும் தனியே. ஆகவே இடைக்காலத் தமிழ் ஊரின் வடிவத்தை மழை மட்டும் வரையவில்லை. ஏரி மட்டும் வரையவில்லை. மனிதர்க்கிடையே மனிதர் இட்ட கோடும் வரைந்தது. வானம் பொய்த்த ஆண்டில் அக்கோட்டின் எப்பக்கம் ஒருவன் பிறந்தான் என்பதே அவன் உயிரின் அளவாயிற்று. நிலமுடையவனுக்குக் குதிரில் நெல் இருந்தது. நிலமற்றவனுக்கு நடப்பதற்குக் கால் மட்டுமே இருந்தது.

அறம் என்பது ஏரியை வெட்டுவதோடு முடிவதில்லை. நிரம்பிய ஏரியின் நீர் யாருக்கு முதலில், யாருக்கு இறுதியில் என்பதிலும் அது அடங்கியுள்ளது. இதனை மறைத்து முன்னோர் பெருமை மட்டும் பேசினால் மாணவர்க்குப் பாதி வரலாற்றையே தந்தவராவோம்.

தாது ஆண்டு

இங்கே இவ்வாராய்ச்சி நம் வாசற்படிக்கு வந்துவிடுகின்றது. 1876-இலும் 1877-இலும் சென்னை மாகாணத்தில் மழை தவறியது. பசிபிக் பெருங்கடலில் அப்போது மிகக் கடுமையான எல் நினோ நிகழ்ந்தது. அதன் விளைவாக இந்தியா, சீனா, பிரேசில் ஆகிய நாடுகள் ஒரே காலத்தில் வாடின. தமிழ் மக்கள் இதனைத் தாது வருடப் பஞ்சம் என்று நினைவில் வைத்தனர். தென்னிந்தியாவில் மாண்டவர் ஐம்பது இலட்சத்தினர் எனக் கணிக்கப்படுவர்.

வானம் தவறியது உண்மை. ஆனால் தானியம் அக்காலத்திலும் கப்பலேறிற்று. புகைவண்டிப் பாதைகள் தானியத்தைப் பசித்த ஊருக்கும் கொண்டு சென்றன. விலை மிகுந்த துறைமுகத்துக்கும் கொண்டு சென்றன. நிவாரணப் பணிக்கு வந்தவர்களின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானிய அளவுக்கு ரிச்சர்டு டெம்பிள் 1877-இல் குறைத்தார். அது உயிர் காக்கப் போதாது என மருத்துவர்கள் எதிர்த்தனர். ஏரிகளைக் காத்த குடிமராமத்து முறையோ அதற்கு முன்பே தளர்ந்திருந்தது. ஊரார் தம் ஏரியைத் தாமே செப்பனிடும் வழக்கத்தைச் சட்டத்தால் நிலைநிறுத்த 1858-இல் அரசு ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் இயற்ற நேர்ந்தது என்பதே அத்தளர்ச்சிக்குச் சான்று. மனமுவந்து செய்த கடமை சட்டத்தின் துணையைத் தேடும்போது அதன் உயிர் பாதி போய்விட்டது என்று கொள்ளலாம்.

அப்பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் தமிழர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினர். அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். பினாங்குத் துறையில் இறங்கியவர்களைத் தொற்றுநோய்க்கு அஞ்சி ஜெரஜாக் தீவில் நிறுத்திவைத்தனர். ஜெலுத்தோங்கிலிருந்து கடலோரமாகத் தெற்கே சென்றால் அத்தீவைக் காணலாம். அங்கிருந்து புரொவின்சு வெல்லெசுலியின் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் இரப்பர் தோட்டங்களுக்கும் அவர்கள் சென்றனர். நம்முள் பலரின் பாட்டன் பாட்டியர் இவ்வழியே வந்தவர்களே. அவர்களைக் கடல் கடத்தியது மழையின்மை மட்டுமா? தூர்ந்த ஏரியும், கப்பலேறிய தானியமும், சேரிக்கும் ஊருக்கும் இடையே கிடந்த அந்தக் கோடும் சேர்ந்தே கடத்தின.

இன்றைய வானம்

இடைக்கால உழவன் ஒன்றை நேர்மையாகச் சொல்ல முடிந்தது: “மழை என் கையில் இல்லை.” நம்மால் அவ்வாறு சொல்ல இயலாது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமிலவாயு இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. புவி வெப்பமாவதில் மனிதனின் பங்கு ஐயத்துக்கு இடமற்றது என்று ஐக்கிய நாடுகளின் பருவநிலைக் குழு 2021-இல் அறிவித்தது. குடபுலவியனார் பிரித்துக் காட்டிய எல்லை இன்று அழிந்துவிட்டது. அன்று வானம் முழுதும் நமக்கு அப்பாற்பட்டது. இன்று அதன் ஒரு பகுதி நாம் செய்தது. அன்றைய கலிங்கை உயர்த்தியவனின் செயல் அடுத்த ஊரைத்தான் வாட்டியது. இன்று ஒரு கண்டத்தின் புகை மற்றொரு கண்டத்தின் வயலைக் காயச் செய்கின்றது. மேலூரும் கீழூரும் உலகளவு விரிந்துவிட்டன. புகையை மிகுதியாக விட்டவர் வேறு. அதன் துன்பத்தை முதலில் அடைபவர் வேறு. ஊரும் சேரியும் புது வடிவில் மீண்டும் நிற்கின்றன.

இதனால் பழைய கடமை நீங்கிவிட்டதா? சென்னையைப் பாருங்கள். 2015-இன் இறுதியில் அந்நகர் வெள்ளத்தில் மூழ்கியது. 2019-இன் கோடையில் அதன் நீர்த்தேக்கங்கள் வறண்டன. நான்கே ஆண்டுகளில் ஒரு நகர் நீராலும் நீரின்மையாலும் துன்புற்றது. அந்நகருக்குள் ஏரிகள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் பழைய நுங்கம்பாக்கம் ஏரி இருந்த நிலத்தில் நிற்கின்றது. கடவுளுக்கு அடுத்து மழையை வைத்த பெருமானுக்கு, ஏரியைத் தூர்த்து நினைவகம் எழுப்பினோம். அதனைக் கட்டியவர்களின் அன்பில் எனக்கு ஐயமில்லை. நூலைப் போற்றுவதும் நூல் சொன்னதைச் செய்வதும் வேறு வேறு என்பதைத் தமிழாசிரியர்களாகிய நாம் நினைவிற் கொள்ள வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

அயலூரைக் கூறிவிட்டு நம் ஊரைக் கூறாதிருக்கலாகாது. 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கைத் தாக்கிய பெருமழை நமக்கு நினைவிருக்கும். கால்வாயில் நாம் எறிந்தவையெல்லாம் நம் வாசலுக்கே திரும்பி வந்தன. நம் வீட்டுக் குழாயில் வரும் நீரின் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுவது. கெடாவின் காடுகளில் பிறந்து வருவது. கடாரத்தின் வணிகர் துறை அமைத்த அதே ஆறு. அவ்வாற்றின் தலைப்பகுதியில் காடு அழிந்தால் ஜெலுத்தோங்கில் குழாய் வறளும். நாமும் ஒரு நீண்ட ஏரித் தொடரின் கீழூரார்தாம்.

மாணவனுக்கு விடை

“இயற்கை குற்றம் செய்யுமா?” என்று கேட்ட மாணவனே, உன் வினாவுக்கு இப்போது விடை சொல்கிறேன். இயற்கை குற்றம் செய்யாது. செய்யலாம், விடலாம் என்று தேர்ந்துகொள்ளும் ஆற்றல் உள்ள இடத்தில்தான் குற்றம் என்னும் சொல்லுக்கே பொருள் உண்டு. மழைக்கு அவ்வாற்றல் இல்லை. ஓர் ஊர் மழையின்மையால் அழிந்தால் மூன்று வினாக்களைக் கேள். அவ்வூரார் செய்யக்கூடியதைச் செய்தார்களா? செய்ததன் பயனைத் தமக்குள் நேர்மையாகப் பங்கிட்டார்களா? அவ்வூருக்கு வெளியே இருந்தவர் யாரேனும் அதன் நீரை, தானியத்தை, வானத்தைக் கெடுத்தார்களா? மூன்றுக்கும் விடை குறையற்றதாயின், அவ்வழிவு துன்பம். அதற்காக அழலாம், பழி கூற இயலாது. ஒன்றிலேனும் குறை கண்டால் அந்த அளவுக்குப் பழி மனிதனுடையது. வறட்சி எத்தனை பெரிதாயினும் அவ்வளவு குறையாது.

சில வறட்சிகள் எந்த ஏரியாலும் தாங்கப்படாதவை என்பதையும் நான் மறுக்கவில்லை. கடமையை முற்றச் செய்த ஊரும் அழிந்திருக்கலாம். ஆயினும் கடமையின் மதிப்பை முடிவைக் கொண்டு மட்டும் அளக்கக் கூடாது. ஓராண்டு தூர் வாரியவன் அவ்வாண்டின் மழையை அறியான்; மழை வந்தால் நிற்க இடம் வேண்டும் என்பதை மட்டும் அறிவான். ஆசிரியப் பணியும் அத்தகையதே என்று பல ஆண்டுகளாக எண்ணி வருகிறேன்.

இனி வான் சிறப்பைக் கற்பிக்கும் நாளில், குறளை விளக்கியபின் மாணவரிடம் ஒரு சிறு பணியைக் கொடுக்கலாம் என்று உடன் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தம் வீட்டுக் குழாய் நீர் எந்த ஆற்றிலிருந்து வருகின்றது, தம் தெருக் கால்வாய் எங்கே போய்ச் சேர்கின்றது, தம் பாட்டனார் எந்த ஊரை விட்டு ஏன் வந்தார் என்னும் மூன்றையும் அவர்கள் வீட்டில் கேட்டு எழுதி வரட்டும். நானும் அடுத்த முறை அப்பாடத்தை நடத்தும்போது மணி அடித்தாலும் நூலை மூடப்போவதில்லை.